வள்ளல்கள் வசூலிக்கிறார்கள்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள் நம் முன்னோர். அவசரப்பட்டுவிட்டார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் ஆளுக்கு ஒரு பொருளை ஒரே ஒரு முறை கொடுத்தவர்கள். இன்றைய வள்ளல்கள் கோடிப் பேருக்கு, ராப்பகலாக, உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்கிறார்கள். போட்டோவில் முகப்பரு நீக்க ஒரு செயலி, தூக்கம் வர ஒரு செயலி, ஜாதகம் பார்க்க ஒன்று, ஆங்கிலம் பேச ஒன்று, தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்த ஒன்று. அத்தனையும் இலவசம். பாரிக்கு இந்தத் தொழில் சுத்தமாகத் தெரியவில்லை. தேரைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். ஏழாம் நாள் முல்லைக்கொடியின் கணக்கிலிருந்து 399 ரூபாய் எடுத்திருந்தால், பறம்பு மலையைக் காக்க நாலு வீரர்களைக் கூடுதலாக வைத்திருக்கலாம்.

இலவசச் செயலிக்குள் பொருள் விற்கலாமா, சந்தா வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். செயலி எழுதுகிறவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு. சர்வர் காற்றில் ஓடுவதில்லை. வாட்ஸ்அப் ஒரு காலத்தில் முதல் ஆண்டு இலவசம், அதன்பின் ஆண்டுக்கு 99 சென்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2016 ஜனவரியில் அதையும் கைவிட்டது. அந்தத் தொகையைக் கேட்டு யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. விலையைச் சொல்லிக் கேட்டால் நம் ஆள் முணுமுணுப்பான், பேரம் பேசுவான், கடைசியில் கொடுத்துவிடுவான். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வாசலில் இலவசம் என்று தோரணம் கட்டிவிட்டு, உள்ளே வந்தவன் எப்போது அசருவான் என்று கதவுக்குப் பின்னால் நிற்கிறார்களே, அந்த இடத்தில்.

இந்தக் கலையின் உச்சம் ஒரு ரூபாய்.

மதிய வேலை முடித்து உட்கார்ந்த ஓர் அம்மா ஃபோனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு குறுந்தொடரின் துண்டு வருகிறது. கோடீஸ்வரன் என்று தெரியாமல் மருமகனை வாசலில் நிறுத்தி மாமியார் அவமானப்படுத்துகிறாள். அவன் நிதானமாக ஃபோனை எடுத்து யாருக்கோ பேசப் போகிறான். அவ்வளவுதான், அறுந்துவிட்டது. மீதிக்குச் செயலியை இறக்குங்கள், இலவசம். இறக்கினால் நாலைந்து துண்டுகள் ஓடி, மறுபடியும் மாமியார் வாயைத் திறக்கும் இடத்தில் நிற்கிறது. '7 நாள் வெறும் ₹1'. அந்த ஒன்று கோபுர உயரம். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், அதன்பின் மாதம் இவ்வளவு, நீங்களாக நிறுத்தும்வரை. அம்மா யுபிஐ பின் எண்ணைப் போடுகிறார். ஒரு ரூபாய் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். மாதாமாதம் என் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பெயர் ஆட்டோபே.

யுபிஐயில் 2020-இல் வந்த வசதி இது. இன்சூரன்ஸ் தவணையும் கரண்ட் பில்லும் தேதி தவறாமல் போகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை என்கிறது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு முன் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2022-இல் உயர்ந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே தகவல் சொல்ல வேண்டும் என்பதும் விதி. சொல்கிறார்கள், யார் இல்லையென்றது? ஆங்கிலத்தில், குறுஞ்செய்தியில், 'உங்களுக்குக் கடன் தயார்' என்ற ஒரு கூடைச் செய்திகளுக்கு நடுவே சொல்கிறார்கள். விதி காப்பாற்றப்பட்டுவிட்டது. அந்த அம்மாவின் கணக்கில் இருந்த பணத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து மகன் வந்து கேட்டால், "அந்த ஆப்பை அன்னிக்கே அழிச்சிட்டனேப்பா" என்பார். அழித்தால் செயலி போகும், சந்தா போகாது. ஆண்ட்ராய்டிலும் அப்படித்தான், ஐஃபோனிலும் அப்படித்தான். வீட்டைக் காலி செய்தவன் வாடகையும் கட்டமாட்டான் என்று சாதாரண மனிதன் நினைப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஐஃபோனில் இன்னொரு நயமும் உண்டு. சோதனைக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பணம் போய்விடும். அதாவது ஏழு நாள் என்றால் ஆறு நாள். பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள்கூட வாரத்தில் கை வைத்ததில்லை.

பஞ்சாங்கம் என்றதும் இன்னொன்று. தினசரிக் காலண்டர் செயலியில் ராகு காலம் பார்க்கப் போயிருக்கிறீர்களா? முதலில் கடன் விளம்பரம். அதை மூடும் குறி மூலையில் வெள்ளைமேல் வெள்ளையாக ஒளிந்திருக்கும். தேடிப் பிடித்துத் தொட்டால் அது விளம்பரத்தைத்தான் திறக்கும். திரும்பி வந்தால் வேறொரு விளம்பரம். விளம்பரம் வேண்டாமென்றால் பிரீமியம் வாங்கலாம், வேண்டுமென்றால் பொறுத்திருக்கலாம். ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எந்தத் தொழிலுக்கும் மூலப்பொருள் ஒன்று வேண்டும். இந்தத் தொழிலுக்கு நம் மறதி. பிடித்திருக்கிறது, பயன்படுத்துகிறோம், அதனால் பணம் கட்டுகிறோம் என்றால் அது வியாபாரம். ஞாபகமே இல்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு ஊரில் வேறு பெயர் இருக்கிறது. ஆசிரியர் அச்சிட மாட்டார். தெரியாமல் நடக்கிறது என்ற சாக்கும் செல்லாது. நீங்கள் அந்தச் செயலியைக் கடைசியாகத் திறந்த தேதி, நேரம், எந்த இடத்தில் விட்டுப் போனீர்கள் என்பது வரை அவர்கள் கையில் இருக்கிறது. 'உங்களைக் காணவில்லையே' என்று ராத்திரி பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பத் தெரிகிறது. 'நீங்கள் இரண்டு மாதமாக வரவில்லை, அதனால் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டோம்' என்று அனுப்புவதற்குத்தான் விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை. 2020 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ், நெடுங்காலமாக எதையும் பார்க்காமல் பணம் மட்டும் கட்டிவந்தவர்களிடம் தொடர விருப்பமா என்று கேட்டு, பதில் தராதவர்களின் சந்தாவை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஒருவரால் முடிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

வெளியேறும் வழியைப் பற்றிக் காவியமே பாடலாம். நான் மிகைப்படுத்தவில்லை. பிரைம் சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு அமேசான் நிறுவனத்துக்குள் இருந்த பெயர் 'இலியட்'. டிராய் நகரப் போரைப் பாடும் கிரேக்க நெடுங்காவியம். நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவு என்று அந்தப் பாதையை எண்ணிச் சொல்லி வழக்குப் போட்டது அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஹோமர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அது கடைக்காரரின் சந்தாதானே, இலவசச் செயலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பள்ளிக்கூடம் ஒன்று, மாணவர்கள்தான் வேறு. சேர்ந்த அளவுக்கு எளிதாக விலகவும் வழி இருக்க வேண்டும் என்று அதே ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. நடைமுறையில் கோளாறு என்று 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. சந்தாவை எளிதாக ரத்து செய்யச் சொன்ன விதி, எந்தச் சந்தாவையும்விட எளிதாக ரத்தானது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கிண்டல் வரவில்லை. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர 2014 ஜனவரியில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அப்பாவோ அம்மாவோ ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால், அடுத்த 15 நிமிடம் குழந்தை எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அமைத்திருந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லவில்லை. செல்லப் பிராணிகளுக்கு விடுதி நடத்தும் ஒரு விளையாட்டில் ஒரு சிறுமியின் செலவு 2,600 டாலர் என்று வந்தது ஒரு புகார். அதே ஆண்டு கூகுளும் 1.9 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த நவம்பரில் ஆப்பிள் தன் கடையில் 'இலவசம்' என்றிருந்த பொத்தானை 'பெறுக' என்று மாற்றியது. பொத்தான் திருந்தியது. தொழில் திருந்தவில்லை. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தரச் சம்மதித்தது. உறங்கிப்போன விளையாட்டை எழுப்பத் தொட்டாலும், திரை ஏறும் நேரத்தில் கை பட்டாலும் பணம் போனது என்பது குற்றச்சாட்டு. இது அநியாயம் என்று வங்கியிடம் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கணக்கைப் பூட்டினார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பெரிய பெரிய பட்டம் வாங்கிய மனிதர்கள், குளிர்பதன அறையில் உட்கார்ந்து, எட்டு வயதுக் குழந்தையின் விரல் எங்கே தவறிப் படும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு.

ரூபாயை ரூபாயாகக் காட்டினால் கை தயங்கும் என்பதும் அவர்கள் ஆராய்ச்சியில் கண்டது. அதனால்தான் வைரம், நாணயம், படிகம். ஒரு வாள் 120 வைரம் என்றால், வைரம் கிடைப்பதோ நூறு, இருநூற்றைம்பது என்ற மூட்டைகளில். எப்போதும் கொஞ்சம் குறையும், அல்லது கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைத் தீர்க்க இன்னொரு மூட்டை. இப்படி அள்ளிச் செலவழிக்கும் ஆளுக்கு அந்தத் துறையில் வைத்திருக்கும் பெயர் திமிங்கலம். சூதாட்ட விடுதிகளில் இருந்து வாங்கிய பெயர். கேண்டி கிரஷ் நடத்தும் கிங் நிறுவனம் 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கொடுத்த கணக்குப்படி, மாதம் விளையாடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் பணம் கட்டினார்கள். அந்த நிறுவனத்தை 590 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். கணக்கைப் பாருங்கள். நீங்களும் நானும் ஓசியில் மிட்டாய் உடைத்ததற்கான கூலியை யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார். அவர் பணம் மிகுந்தவராக இருக்கலாம். விடியற்காலை இரண்டு மணிக்கு நிறுத்த முடியாமல் தட்டிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். எது என்று விசாரிக்கும் வழக்கம் திமிங்கல வேட்டையில் இல்லை.

இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய காவலர் யார்? செயலிக் கடை வைத்திருக்கும் ஆப்பிளும் கூகுளும். காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து? வசூலாகும் தொகையில் 30 சதவீதம் வரை பங்கு. சிறிய நிறுவனம் என்றால் 15. அந்த அம்மாவின் கணக்கிலிருந்து கடைவழியாகப் போகும் ஒவ்வொரு சந்தாவிலும் காவலருக்கும் ஒரு கரண்டி. க்யூஆர் கோடு படிப்பதற்கும் கைரேகை ஜோசியத்துக்கும் மூன்று நாள் இலவசம் காட்டி, பிறகு கொழுத்த சந்தா கறக்கும் செயலிகள் இருநூறுக்கு மேல் இந்த இரண்டு கடைகளிலும் இருக்கின்றன, 40 கோடி டாலர் வரை ஈட்டியிருக்கின்றன என்று 2021-இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்குச் சொன்னது. க்யூஆர் கோடைப் படிக்க ஐஃபோனின் கேமராவே 2017 முதல் போதும் என்பது கூடுதல் வேடிக்கை. இந்தச் செயலிகள் கடை அலமாரியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. ஆனால் 2024 மார்ச் 1 அன்று என்ன நடந்தது? தனக்கு வரவேண்டிய கட்டணம் குறித்த தகராறில், சென்னையின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தூக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் அவை திரும்பி வந்தன. தன் பங்குக்கு ஆபத்து என்றால் ஒரே நாளில் கை நீளும். நம் காசு என்றால் அதே கைக்கு வாதம். பில்லிங் விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்குப் போட்ட அபராதம் 936.44 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. அபராதத்துக்கும் தள்ளுபடி விலை உண்டு.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விதிமுறைகளைப் படித்துவிட்டுச் சம்மதிக்க வேண்டியதுதானே" என்று சட்டம் பேசும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்தீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இதே கனவான்கள்தான், 2006-இல் வண்ணத் தொலைக்காட்சியும் 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் தமிழ்நாட்டுத் தேர்தல் வாக்குறுதிகளாக வந்தபோது, இலவசம் மனிதனைக் கெடுத்துவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள். அரசு மிக்ஸி சத்தம் போட்டது, சில வீடுகளில் புகையும் விட்டது. ஆனால் தேங்காய்ச் சட்னி மட்டும்தான் இலவசம், புதினாவுக்கு மாதம் 99 ரூபாய் என்று பாதி அரைப்பில் நிற்கவில்லை. ரேஷன் கடையில் கிடைத்த இலவசத்தால் கெட்டுப்போன தேசம், பிளே ஸ்டோரில் கிடைக்கும் இலவசத்தால் 'ஸ்டார்ட்அப் தேசம்' ஆகிவிடுகிறது. ஏழைக்குக் கொடுத்தால் ஊதாரித்தனம், ஏழையிடம் எடுத்தால் புதுமை.

நம் அரசு சும்மா இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. சந்தாவில் சிக்கவைப்பது, போலி அவசரம் காட்டுவது, ஓயாமல் நச்சரிப்பது, மறுப்பவரை வெட்கப்படுத்துவது எல்லாம் பட்டியலில் உண்டு. 'வேண்டாம், எனக்கு என் உடல்நலத்தில் அக்கறை இல்லை' என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்களே, அதுதான் கடைசி வகை. நல்ல பட்டியல், குறை சொல்ல முடியாது. பிறகு 2025 ஜூனில், மின்வணிகத் தளங்கள் தங்களைத் தாங்களே மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுரை போனது. குற்றம் சாட்டப்படுபவரே விசாரணை அதிகாரி. 'நாங்கள் எங்களைச் சோதித்தோம், நாங்கள் உத்தமர்கள்' என்று எழுதித் தருவதற்கு மூன்று மாதம் அதிகம். மூன்று நிமிடம் போதும்.

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. உள்ளே விற்பனை உண்டென்றால் வாசலிலேயே மொத்த விலையை, ரூபாயில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். சோதனைக் காலம் முடிந்தால் முடிந்துபோகட்டும். தொடர வேண்டுமென்றால் மறுபடியும் பின் எண்ணைக் கேளுங்கள். ஒரு தட்டில் சேர முடிந்தால் ஒரு தட்டில் விலக முடிய வேண்டும். ஒரு மாதம் முழுக்கத் திறக்காத செயலிக்கு அடுத்த மாதம் பணம் எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கான செயலிக்குள் கடையே கூடாது, இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. இப்படிச் செய்தால் நிறுவனங்கள் பிழைக்க முடியாது என்பார்கள். நம் மறதி இல்லாமல் பிழைக்க முடியாத நிறுவனம் இழுத்து மூடப்படுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேர்மையாக விலை சொல்லி விற்கிறவர் இந்தக் கூட்டத்தின் இரைச்சலில்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார். அவருக்காவது கொஞ்சம் காற்று கிடைக்கும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் தேடுங்கள். முதல் பக்கத்தில் இருக்காது, கொஞ்சம் தோண்ட வேண்டும். பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ உங்கள் படத்தைத் தொட்டால் சந்தாக்களின் பட்டியல் வரும், அதையும் பாருங்கள். உங்களுடையதைப் பார்த்த கையோடு அம்மா, அப்பா, மாமியார் ஃபோனையும் வாங்கிப் பாருங்கள். திட்டாமல் பாருங்கள், ஏமாந்தது அவர்கள் குற்றம் இல்லை. தெரியாத பெயர் எது இருந்தாலும் ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.